முதலில் அம்மாவுக்கு, அப்புறம்தான் பிள்ளைக்கு



எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பேச்சு வந்தது. அங்கே பதில் எழுத ஆரம்பித்து நீண்டுவிட்டதால் இங்கே போடுகிறேன். நீளமான பதிவுதான். என் வகுப்பில் 45 நிமிடம் அசையாமல் உட்கார்ந்த பிள்ளைகள்தானே நீங்கள், இதையும் பொறுமையாகப் படியுங்கள்.

என் அக்கா மகள் அடுத்த மாதம் பாரீசுக்குப் போகிறாள். மாப்பிள்ளை முன்னாடியே போய்விட்டார். காரைக்காலில் இது புதிதல்ல, தெருவுக்கு நாலு வீட்டில் பிரான்சுக் கதை உண்டு. ஆனால் இவளுக்கு இது முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக, இரண்டு பிள்ளைகளோடு. பெரியவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு ஒன்பது மாதம். குழுவில் யாரோ ஒரு வீடியோ போட்டார்கள். விமானத்தின் கூரையிலிருந்து மஞ்சள் மாஸ்க்குகள் தொங்குகின்றன, எல்லோரும் அலறுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இவள் எழுதினாள்: "சித்தி, அந்த மாஸ்க் விழுந்தா முதல்ல நாமதான் போட்டுக்கணுமாம், அப்புறம்தான் பிள்ளைக்காம். பெத்தவளுக்கு அப்படி மனசு வருமா? நான் பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல போடுவேன். எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை."

அதற்குக் கீழே பதினாலு பேர் இதயம் போட்டிருந்தார்கள். வீடியோவைப் பார்த்தபோது வராத பயம், அந்தப் பதினாலு இதயங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு வந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு விமானம் என்றாலே வயிற்றைக் கலக்குவதற்குக் காரணம் உண்டு. மூன்றரை மணி நேரம் காரில் போய் திருச்சியில்தான் ஏறுகிறோம். அந்தத் திருச்சியிலிருந்து 2018 அக்டோபர் 12 அதிகாலை துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுபாதைக்கு அப்பால் இருந்த ஆன்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் உரசிக்கொண்டே மேலே ஏறிவிட்டது. 130 பயணிகள், 6 ஊழியர்கள். அடிப்பாகம் கிழிந்த நிலையில் நான்கு மணி நேரம் பறந்து மும்பையில் பத்திரமாக இறங்கியது. 2024 அக்டோபர் 11 அன்று ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடித்து, 141 பேரோடு திருச்சியிலேயே இறங்கியது. அன்று என் போன் ஓயவே இல்லை, யார் யார் வீட்டுப் பிள்ளை அதில் இருக்கிறது என்று. இந்த இரண்டிலும் பயணிகள் செய்ய ஒன்றுமே இல்லை, சாமி கும்பிடுவதைத் தவிர. நான் சொல்ல வருவது வேறு. பயணியின் கையில் அரை நிமிட வேலை ஒன்று இருக்கிற கோளாறு அது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவது.

என் அக்கா மகளுக்கு இது மனசு சம்பந்தப்பட்ட கேள்வி. எனக்கு இது ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடம். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, மேலே அட்டையை வைத்து, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவேனே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் கொட்டாது. முதல் பெஞ்சில் இருப்பவர்கள் நோட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒதுங்குவீர்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் ஒரு கிலோ எடைக்கு அழுத்திக்கொண்டிருக்கிறது, அதுதான் அட்டையைத் தாங்குகிறது என்று சொல்லியிருக்கிறேன். அது கடல் மட்டத்துக் கணக்கு. நமக்குப் பொருத்தமான கணக்கு, ஏனென்றால் நம் ஊரில் மேடு என்பது கிளிஞ்சல்மேடு என்ற பெயரில் மட்டும்தான் இருக்கிறது.

மேலே போகப் போக அந்த அழுத்தம் குறையும். கொடைக்கானல் சுற்றுலா போனபோது வத்தலகுண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலை ஏறியதும் பலூன் மாதிரி உப்பியதைப் பார்த்து பஸ்ஸே கத்தியது. பாக்கெட்டுக்குள் இருந்தது கீழ்நாட்டுக் காற்று. வெளியே மலைக்காற்று மெலிந்துவிட்டது, அதனால் உள்ளே இருப்பது விரிந்தது. உங்கள் காது அடைத்ததும் அதே காரணம்தான். கிளிஞ்சல்மேட்டுப் பையன் ஒருவன், படகின் இறக்கையில் சிக்கிய வலையை எடுக்க முங்கும்போது, "காது ரெண்டையும் யாரோ அமுக்குற மாதிரி இருக்கு டீச்சர்" என்பான். அவனுக்கு அழுத்தம் கூடியது, நமக்குக் குறைந்தது. பாடம் ஒன்றுதான்.

கொடைக்கானல் சுமார் 7,000 அடி. ஊட்டி அதைவிடக் கொஞ்சம் உயரம். பெரிய விமானங்கள் பறப்பது 35,000 அடி வாக்கில். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் கால் பங்குகூட இல்லை. வெளியே குளிர் மைனஸ் 50 டிகிரிக்குப் பக்கம். அந்தக் காற்றை அப்படியே சுவாசித்தால் மனிதன் தாங்கமாட்டான். அதனால் என்ஜின் உள்ளிழுத்து அழுத்திய காற்றில் ஒரு பகுதியைப் பிரித்துக் குளிரவைத்து, பயணிகள் இருக்கும் பகுதிக்குள் விட்டுக்கொண்டே இருப்பார்கள். வால் பக்கம் ஒரு வால்வு அளவாகத் திறந்து மூடி, மிஞ்சியதை வெளியே விடும். ஓட்டை உள்ள சைக்கிள் டியூபுக்கு ஓயாமல் பம்ப் அடித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்பதும் கசிவதும் சமமாக இருக்கும்வரை டியூப் தளராது. இப்படிச் செய்து உள்ளே 8,000 அடிக்கு மேல் போகாத காற்றை வைத்திருக்கிறார்கள். ஆக, விமானத்தில் உட்கார்ந்திருப்பது காற்றைப் பொறுத்தவரை ஊட்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஜன்னலுக்கு வெளியே எவரெஸ்டைவிட உயரம்.

பம்ப் அடிப்பது நின்றால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டிலேயே பார்த்தோம். 2018 செப்டம்பர் 20 காலை மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குக் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானம், 166 பயணிகள். என்ஜினிலிருந்து காற்றை உள்ளே விடும் சுவிட்சைப் போடாமலேயே மேலே ஏறிவிட்டார்கள். விமானம் ஏற ஏற உள்ளே இருந்த காற்றும் மெலிந்துகொண்டே போனது. மாஸ்க்குகள் விழுந்தன. முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு மூக்கில் ரத்தம், சிலருக்குக் காதில் ரத்தம், பலருக்குத் தலைவலி. சிப்ஸ் பாக்கெட் உப்பியதே, அது போலக் காதுக்குள்ளும் மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளுக்குள்ளும் மாட்டிக்கொண்ட காற்று விரிந்ததால் வந்த வினை. விமானத்தை மும்பைக்கே திருப்பி இறக்கினார்கள். யாரும் சாகவில்லை. விமானிகளைப் பணியிலிருந்து விலக்கி விசாரணை நடந்தது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனமும் பறப்பதை நிறுத்திவிட்டது, அது கடன் கதை.

ரத்தம் வந்ததால் எல்லோருக்கும் அந்தச் செய்தி ஞாபகம் இருக்கிறது. ஆனால் ரத்தம் வந்தால் நமக்குத் தெரிகிறது, துடைக்கிறோம், கத்துகிறோம். எனக்குப் பயம் தருவது வேறு. ஆக்சிஜன் குறைந்தால் வலிக்காது. மூச்சு முட்டாது. தண்ணீரில் மூழ்குகிறவன் திணறுவது போலத் திணற மாட்டோம். மூளைதான் முதலில் மங்கும். மங்குவது மூளை என்பதால், மங்குகிறது என்று நமக்குச் சொல்ல உள்ளே ஆள் இல்லை. சிலருக்கு லேசாகப் போதை ஏறியது போல ஒரு சந்தோஷம்கூட வருமாம்.

இதை விமானிகளுக்குக் காட்டிக் கொடுப்பதற்கென்றே காற்றை உறிஞ்சி எடுக்கும் அறைகள் இருக்கின்றன. பெங்களூருவில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் உண்டு. இது மாதிரி அறையில் உட்காரவைத்து மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, கையில் பேப்பர் கொடுத்து சாதாரணக் கழித்தல் கணக்குப் போடச் சொல்வார்கள். படித்த, பயிற்சி பெற்ற ஆட்கள். கொஞ்ச நேரத்தில் எண்கள் கோணலாகும், பிறகு கிறுக்கலாகும். எழுதுகிறவர் முகத்தில் மட்டும் எல்லாம் சரியாகப் போகிறது என்ற திருப்தி இருக்கும். முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், தப்பாக எழுதியிருக்கிறோமோ என்ற சந்தேகம் இருக்கும் பிள்ளையைத் திருத்திவிடலாம். சந்தேகமே இல்லாத பிள்ளையிடம்தான் கஷ்டம்.

35,000 அடியில் திடீரென்று காற்று வெளியேறினால் தெளிவோடு கைகால் அசைக்கக் கிடைப்பது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். 25,000 அடி என்றால் மூன்று முதல் ஐந்து நிமிடம்.

இப்போது என் அக்கா மகளை அந்த இருக்கையில் உட்காரவைத்துப் பார்க்கிறேன். மடியில் ஒன்பது மாதக் குழந்தை. பக்கத்தில் நாலு வயதுக்காரி. மாஸ்க்குகள் விழுகின்றன. இவள் முதலில் பெரியவளுக்குப் போடப் பார்க்கிறாள். அது பயந்துபோய்த் தலையை ஆட்டுகிறது, மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிறது. (நாலு வயதுப் பிள்ளைக்கு மூக்கில் சொட்டு மருந்து விட்டவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.) இருபது விநாடி போய்விட்டது. சின்னவன் பக்கம் திரும்புகிறாள். எலாஸ்டிக் கயிறு எங்கே என்று விரல் தேடுகிறது. விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எதற்காகக் கயிற்றைத் தேடுகிறோம் என்பதே மறந்துபோகிறது. அவ்வளவுதான். மூன்று பேரில் இரண்டு பேருக்கு மாஸ்க் இல்லை, போட்டுவிட ஆளும் இல்லை.

அவள் தன் முகத்தில் முதலில் போட்டுக்கொண்டால்? ஐந்து விநாடி. பிறகு தெளிந்த தலையோடு பெரியவளுக்கு, சின்னவனுக்கு. நடுவில் பிள்ளை மயங்கிச் சரிந்தாலும் பதற வேண்டாம். அந்த அரை நிமிட மயக்கத்தில் மாஸ்க்கை வைத்ததும் பிள்ளை தெளிந்துவிடும். மயங்கிய பிள்ளைக்கு அம்மா மாஸ்க் போடலாம். மயங்கிய அம்மாவுக்கு ஒன்பது மாதப் பிள்ளை போட முடியுமா?

இதற்கு விமானம்கூட வேண்டாம். வருடம் தவறாமல் செய்தித்தாளில் வருகிறதே, கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் விஷவாயு தாக்கி மயங்கினார், அவரைத் தூக்க இறங்கிய தம்பி மயங்கினார், தம்பியைத் தூக்க இறங்கிய பக்கத்து வீட்டுக்காரரும் போனார் என்று. பழைய கிணறுகளிலும் இப்படி நடக்கிறது. ஒருவர் தவறி விழுந்ததில் மூன்று உயிர். பின்னால் இறங்கிய இரண்டு பேரும் கோழைகளா, பாசம் இல்லாதவர்களா? பாசம் அதிகமாக இருந்ததால்தான் ஒரு நிமிடம் யோசிக்காமல் இறங்கினார்கள். மூச்சுக்கு வழி செய்துகொண்டு இறங்கியிருந்தால் முதல் ஆளையும் காப்பாற்றியிருக்க வாய்ப்பு உண்டு. பதினாலு இதயம் போட்டவர்கள் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

விமானிக்கும் இதே விதிதான். காற்றழுத்தம் போனதற்கான எச்சரிக்கை வந்தால் அவர்கள் கைப்புத்தகத்தில் முதல் வேலை, தன் மாஸ்க்கைப் போட்டுக்கொள்வது. காரணம் தேடுவது, கன்ட்ரோல் டவரிடம் பேசுவது, பயணிகளுக்குச் சொல்வது எல்லாம் அதற்குப் பிறகு. ஒற்றைக் கையால் இழுத்துச் சில விநாடிகளில் மாட்டிக்கொள்ளும்படி அது அவர்கள் தோளுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அந்த முதல் வேலையைச் செய்யாமல்போனது 2005 ஆகஸ்ட் 14 அன்று. சைப்ரஸ் நாட்டின் ஹீலியோஸ் ஏர்வேஸ். லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் வழியாகப் பிராகா நகருக்கு. பயணிகளும் ஊழியர்களுமாக 121 பேர். முந்தைய இரவு பராமரிப்பில் கதவின் கசிவைச் சோதிக்க, அழுத்தம் கட்டுப்படுத்தும் குமிழைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றியிருந்தார்கள். திரும்ப மாற்றவில்லை. விமானிகளும் கவனிக்கவில்லை. மேலே ஏறும்போது எச்சரிக்கை ஹாரன் அடித்தது. தரையில் வேறொரு கோளாறுக்கும் அதே ஹாரன்தான் அடிக்கும். அவர்கள் அந்தக் கோளாறு என்றே நினைத்தார்கள். கீழே இருந்த பொறியாளரிடம் குளிரூட்டும் கருவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு குழறி நின்றுபோனது. கவனியுங்கள், பின்னால் பயணிகளுக்கு மாஸ்க் விழுந்திருந்தது. விமானிகள் இருவரும்தான் மாஸ்க் போடவில்லை.

விமானம் தானியங்கியில் 34,000 அடிக்கு ஏறி, ஏதென்ஸ் வரை ஒழுங்காகப் போய், அங்கே வட்டமடிக்கத் தொடங்கியது. கிரேக்க விமானப்படையின் இரண்டு எஃப்-16 விமானங்கள் பக்கத்தில் போய்ப் பார்த்தன. துணை விமானி சாய்ந்துகிடந்தார், கேப்டன் இருக்கை காலி. கையடக்க ஆக்சிஜன் குப்பியோடு தாக்குப்பிடித்த ஓர் ஊழியர், அந்திரேயாஸ் புரோத்ரோமு என்ற 25 வயது இளைஞர், கடைசியில் விமானி அறைக்குள் நுழைந்ததை அவர்கள் பார்த்தார்கள். எரிபொருள் தீர்ந்துவிட்டது. கிராமாட்டிகோ என்ற ஊர் அருகே மலையில் மோதியது. 121 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த ரக விமானங்களில், எந்தக் கோளாறுக்கு ஹாரன் அடிக்கிறது என்று தனி விளக்கில் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. ஒரு ஹாரனுக்கு ஓர் அர்த்தம்தான் இருக்கவேண்டும் என்பது எந்தப் பள்ளிக்கூட மணியடிக்கும் ஆயாவுக்கும் தெரியும். போகட்டும்.

இனி, மாஸ்க் விழுந்தால் செய்யவேண்டியது. முதலில் அதை உங்கள் பக்கம் நன்றாக இழுக்கவேண்டும். பெரும்பாலான விமானங்களில் தலைக்கு மேல் பெரிய சிலிண்டர் எதுவும் கிடையாது. ஒரு சின்ன டப்பாவில் வேதிப்பொருள் இருக்கிறது. நீங்கள் இழுக்கும் இழுப்பில்தான் அது எரிந்து ஆக்சிஜன் தர ஆரம்பிக்கும். அதனால் கருகிய வாசனை லேசாக வரும், தீ என்று கத்தாதீர்கள். தொங்கும் பை உப்பாமலே இருக்கலாம், அதற்காகக் கழற்றிவிட்டு அடுத்தவருடையதைப் பிடுங்காதீர்கள், காற்று வந்துகொண்டுதான் இருக்கும். மூக்கு, வாய் இரண்டையும் மூடவேண்டும். 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் விமானத்தின் என்ஜின் வெடித்து ஜன்னல் உடைந்தபோது எடுத்த படங்களில், நிறையப் பேர் வாயை மட்டும் மூடி மூக்கை வெளியே விட்டிருந்தார்கள். கொரோனாவில் நம் மார்க்கெட்டில் பார்த்த அதே காட்சி, ஊரெல்லாம் மனிதர்கள் ஒன்றுதான் போலிருக்கிறது.

கைக்குழந்தைக்கு மாஸ்க் எங்கே என்று கேட்டாள். இருக்கைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மாஸ்க் கூடுதலாக இருக்கும், மூன்று இருக்கை என்றால் நான்கு. இரண்டு கைக்குழந்தைக்காரர்களை ஒரே பக்கம் உட்கார விடாததற்குக் காரணம் இதுதான். பணிப்பெண் இடம் மாறச் சொன்னால் சண்டை போடாமல் மாறிவிடுங்கள். அந்த நேரத்தில் பணிப்பெண் ஓடி வந்து உதவவில்லையே என்று கோபமும் வேண்டாம். அவரும் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து தன் மாஸ்க்கைத்தான் முதலில் போட்டுக்கொள்வார், அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து, விமானம் சட்டென்று மூக்கைக் கவிழ்த்து இறங்கும். வீடியோவில் எல்லோரும் அலறுவது இந்த இடத்தில்தான். அது விழவில்லை. விமானி வேண்டுமென்றே இறக்குகிறார். டப்பாவில் ஆக்சிஜன் வருவது பன்னிரண்டு நிமிடம் வாக்கில்தான். அதற்குள் மாஸ்க் இல்லாமல் மூச்சு விடக்கூடிய 10,000 அடிக்கு வந்துவிட வேண்டும். சுமார் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார். அதுவரை ஒலிபெருக்கியில் ஒன்றும் சொல்லமாட்டார், கை நிறைய வேலை இருக்கும். அந்த அமைதியைப் பார்த்துப் பயந்து எழுந்திருக்காதீர்கள், பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்காருங்கள். 10,000 அடி வந்ததும் விமானம் நேராகும், குரலும் வரும்.

இதையெல்லாம் போனில் சொல்லி முடித்தேன். அவள் "சரி சித்தி" என்றாள். அந்தச் "சரி" எனக்குப் போதவில்லை. வகுப்பில் "புரியுதா" என்றால் "புரியுது டீச்சர்" என்று வரும் கோரஸ் மாதிரியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நெடுங்காட்டுக்கு பஸ் ஏறிப் போய்விட்டேன். அவள் வீட்டில் தயிர் டப்பா மூன்று எடுத்து, ஓரத்தில் துளை போட்டு, ரப்பர் பேண்டு மாட்டினேன். கூடத்தில் மூன்று நாற்காலி. சின்னவனை மடியில் கொடுத்து, "மாஸ்க் விழுந்துடுச்சு" என்று டப்பாக்களை அவள் முன்னால் போட்டேன். முதல் தடவை அவள் கை தானாகவே பெரியவள் முகத்துக்குத்தான் போனது. இவ்வளவு படித்து, புரிந்து, தலையாட்டிய பிறகும். அடுத்த தடவை பாதி வழியில் நின்று திரும்பியது. ஆறாவது, ஏழாவது தடவையில்தான் நேராகத் தன் முகத்துக்கு வந்தது.

பெரியவளுக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று எங்களை விடவில்லை. நேற்று இரவு அவளே எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். "அம்மாச்சி, அம்மா டப்பா போட்டுக்கிற வரைக்கும் நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் எனக்கு. அப்புறம் தம்பிக்கு. தம்பி டப்பாவைக் கடிச்சிட்டான்."

அடுத்த மாதம் 9ஆம் தேதி இரவு சென்னையிலிருந்து விமானம். சின்னவனுக்குச் சளி இருந்தால் முன்னாடியே டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன், இறங்கும்போது பால் கொடுத்தால் காது அடைக்காது என்றும் சொல்லியிருக்கிறேன். பாரீசில் இருக்கும் என் பழைய மாணவர்கள் யாராவது அன்று விமான நிலையம் பக்கம் போவதாக இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். மாப்பிள்ளைக்கு அன்று டூட்டி மாறவில்லையென்றால் இரண்டு பெட்டியோடும் இரண்டு பிள்ளையோடும் அவளுக்கு ஒரு கை தேவைப்படும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்